வருஷத்துக்கு ஒரு சீஸ்

மெரிகோம்பில் ஜூலை மாதப் பெரிய சந்தை தொடங்கும் நாளன்று டென்சில் டாப்ஸ்காட்டுக்குச் சளி பிடித்துவிடும். பல வருஷமாக இதுதான் வழக்கம். முந்தின நாள் சாயங்காலம் வரை கல்லு மாதிரி இருப்பார். விடிந்ததும் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவார். ஊரில் அதற்கு 'டென்சில் சளி' என்றே பெயர். ஜூலை பிறந்தால் போதும், மருந்துக் கடைக்காரர் கல்லாவில் இருந்தபடியே, "என்ன கவுன்சிலர், இந்த வருஷம் சளி எப்போ வருதாம்?" என்று கேட்பார்.

காரணம், அந்தக் கையுறை. தோலில் தைத்து, உள்ளே மரத்தூள் அடைத்து, மேலே தங்க முலாம் பூசிய ஒரு பெரிய கை. பெரிய சந்தையன்று அதை ஒரு நீளக் கழியின் நுனியில் கட்டி, தானிய மண்டபத்தின் வாசலில் தூக்கிப் பிடிப்பார்கள். மணியாட்டி அறிவிப்புச் சொல்கிறவர், "கையுறை ஏறிவிட்டது" என்று மூன்று தரம் கூவுவார். மேலே மாடியிலிருந்து, நெருப்பில் சுட வைத்த காசுகளை இறைப்பார்கள். பிள்ளைகள் விரலை ஊதிக்கொண்டே பொறுக்குவார்கள். அந்தக் கை அரசருடைய கை. அது மேலே இருக்கிற வரைக்கும் ஊரில் விற்கலாம், வாங்கலாம். இறக்கிவிட்டால் சந்தை கலைந்தது என்று அர்த்தம். எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பணமுடையில் இருந்த ஓர் அரசர், ஊர்க்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்த பட்டயத்தில் பெரிய சந்தையும் உண்டு, சனிக்கிழமைச் சந்தையும் உண்டு. கழியைப் பிடிக்க வேண்டியவர் கவுன்சிலில் ரொம்ப நாள் இருப்பவர். அது டென்சில்.

"ஒருத்தன் வளர்த்த ஆட்டை அவன் விக்கிறான். இன்னொருத்தன் வாங்குறான். நடுவுல ஆகாசத்துல இந்தக் கை எதுக்குய்யா?" என்று அவர் கேட்காத ஆளே மெரிகோம்பில் கிடையாது. கேட்டுக் கேட்டு ஊருக்குக் காது புளித்துப்போயிருந்தது.

கால்நடைத் தீவனமும் விதையும் விற்றுக் கடையை மூடியவர் அவர். பழைய லிபரல் கட்சியின் மிச்சம். கட்சி பெயரை மாற்றியது, நிறத்தை மாற்றியது, தலைவர்களைச் சட்டை மாதிரி மாற்றியது. டென்சில் நின்ற இடத்திலேயே நின்றார். வியாபாரத்துக்கு நடுவே சுங்கச் சுவர் கூடாது, யாருக்கும் தனிச் சலுகை கூடாது, சட்டத்துக்கு முன்னால் ராஜாவும் ரொட்டிக்காரரும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். இவ்வளவும் நடந்துவிட்டால் மீதியை ஜனங்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது அவருடைய வேதம். ஜனங்கள் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. பாவம், ஜனங்களுக்குத்தான் அது தெரியாது.

அவர் மதுக்கடையில் உட்கார்ந்தால் தவறாமல் சொல்கிற கதை ஒன்று உண்டு. மகள் டாம்ஸின் இரண்டாம் வகுப்பில் படித்தபோது அரச குடும்பத்து அம்மாள் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பெண் பிள்ளைகள் எல்லாரும் ஒரு காலைப் பின்னுக்கு வைத்து, முழங்காலை மடித்து, வணக்கம் செய்ய வேண்டும் என்று ஒரு வாரம் பழக்கினார்கள். அன்றைக்கு வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் மடங்கி எழுந்தார்கள். டாம்ஸின் மட்டும் ஊசி மாதிரி நின்றாள். "குட் மார்னிங், மேடம்" என்று சொல்லிக் கையை நீட்டினாள். தலைமை ஆசிரியைக்கு முகம் வெளுத்துவிட்டது. டென்சிலை அழைத்துப் புகார் சொன்னார்கள். அவர் மகளை நேரே ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "அன்னிக்கு என் பொண்ணு நின்னா பாரு," என்று இப்போதும் கையை நீட்டிக் காட்டுவார். தன் வாழ்க்கையில் தான் ஜெயித்த ஒரே தேர்தல் அதுதான் என்பது போலச் சொல்வார்.

அந்த டாம்ஸினுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. மெரிகோம்பிலிருந்து ஐந்து மைல் தள்ளி, ஸ்டோக் ஃபெரிஸ் என்கிற கிராமத்தில் அவளும் கணவன் ரோரியும் மாடு வளர்க்கிறார்கள். பாலை விற்றுக் கட்டுப்படியாகாமல் சீஸ் செய்ய ஆரம்பித்தாள். கடினமான, வெளியே சாம்பல் தோல் கட்டிய சீஸ். கடலுக்கு அந்தப் பக்கம், பிரான்ஸில் ஒரு கடைக்காரர் அதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மாதா மாதம் பெட்டி பெட்டியாக வாங்கினார். பிறகு நாடு ஐரோப்பாவை விட்டு வெளியேறலாமா வேண்டாமா என்று ஓட்டு வந்தது. வெளியேறத்தான் வேண்டும் என்று டென்சில் வீடு வீடாகப் போனார். "அது வேலி போட்ட சந்தைம்மா. வேலியைத் தாண்டினா உலகமே நமக்குக் கடை," என்று மகளிடமும் சொன்னார். அவளும் அப்படியே ஓட்டுப் போட்டாள். வேலியைத் தாண்டினார்கள். தாண்டினதும் வேலி இந்தப் பக்கமும் முளைத்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் கால்நடை மருத்துவர் கையெழுத்து, முத்திரை, துறைமுகத்தில் காத்திருப்பு. பிரெஞ்சுக் கடைக்காரர் ரொம்ப வருத்தத்தோடு நிறுத்திக்கொண்டார். டாம்ஸின் அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று டென்சிலுக்குத் தோன்றும்.

அதன் பிறகுதான் அவள் தன் தொழுவத்து முற்றத்தைப் பெருக்கிக் கழுவி, சனிக்கிழமைகளில் கடை போட்டாள். ரொட்டி சுடும் பெரில் வந்தாள். தேன்காரர் வந்தார். ஆப்பிள் சைடர் வடிப்பவர், முட்டைக்காரி, காய்கறிக்காரத் தம்பதி என்று ஆறு கடை சேர்ந்தது. கார்கள் வயல் வரப்போரம் வரிசை கட்டின. யாரும் யாரையும் அனுமதி கேட்கவில்லை. முதல் சனிக்கிழமை டென்சில் அங்கே ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து கறி அடைத்த பாஸ்டி தின்றபடி அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் இத்தனை வருஷம் வாயால் சொன்னதை மகள் பேசாமல் செய்து காட்டிவிட்டாள் என்று அவருக்குக் கண் கலங்கியது.

நான்காவது மாதம் கவுன்சிலின் வக்கீலிடமிருந்து எச்சரிக்கை வந்தது. மெரிகோம்பின் பட்டயப்படி, ஊரைச் சுற்றி ஆறு மைலும் இன்னொரு மைலில் மூன்றில் இரண்டு பங்கும் தூரத்துக்கு வேறு யாரும் சந்தை நடத்தக் கூடாது. ஒரு மனிதன் காலையில் நடந்து போய், சரக்கை விற்று, இருட்டுவதற்குள் நடந்து வீடு திரும்ப எவ்வளவு தூரம் முடியும் என்று பழைய காலத்து நீதிபதி யாரோ போட்ட கணக்கு. இப்போது எல்லாரும் காரில்தான் வருகிறார்கள் என்று சட்டத்துக்கு யாரும் சொல்லவில்லை.

புகார் கொடுத்தது பெர்சி ஹெர்ட் என்று எல்லாருக்கும் தெரியும். மெரிகோம்ப் சந்தையில் கோடு போட்ட கூரைக்குக் கீழே சீஸ் விற்கிறவர்.

அந்த வாரமே மேயர் ரோசலிண்ட் கில்லார்ட் டென்சிலையும் டாம்ஸினையும் தன் வீட்டுக்குத் தேநீருக்குக் கூப்பிட்டாள். கன்சர்வேட்டிவ் கட்சிக்காரி, வீடு நிலம் வாங்கி விற்கும் தொழில். மேடையில் ஏறினால் தனியார் முயற்சியைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவாள். மனசில் கள்ளம் இல்லாதவள்.

"எனக்கு மட்டும் ஆசையா, கண்ணு?" என்று டாம்ஸின் தட்டில் ஒரு ஸ்கோன் ரொட்டியை வைத்தாள். "உன் சந்தையை மூடி எனக்கு என்ன கிடைக்கப் போகுது? நான் ஒரு வழி யோசிச்சிருக்கேன். கவுன்சில் உனக்கு அனுமதி குடுத்துட்டா அது திருட்டுச் சந்தை இல்லை. வாடகைன்னு பேருக்கு ஏதாவது வாங்கணும், இல்லேன்னா சட்டப்படி நிக்காதாம். வருஷத்துக்கு ஒரு சீஸ். பெரிய சந்தையன்னிக்கு நீ வந்து மேயர் கையில குடுக்கணும். அவ்வளவுதான். பழைய காலத்துல ரோஜாப்பூ, மிளகுன்னு குடுப்பாங்களே, அந்த மாதிரி."

"ஒரே ஒரு சீஸா?" என்றாள் டாம்ஸின்.

"சின்னதா இருந்தாலும் சரி. ஆனா சத்தமில்லாம முடிக்கணும். அடுத்த கூட்டத்துக்குள்ள நீ கையெழுத்துப் போட்டுடு. பெர்சிக்கு வாசனை பட்டுச்சுன்னா கடைக்காரங்க எல்லாம் படையா வந்துடுவாங்க. இந்த வருஷம் எழுநூற்றைம்பதாவது சந்தை வேற. அரச குடும்பத்துலேர்ந்து டச்சஸ் வர்றாங்க."

டச்சஸ் என்றதும் அவள் குரல் தானாகத் தணிந்தது, கோயிலுக்குள் நுழைந்த மாதிரி. டென்சில் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

திரும்பும்போது டாம்ஸின்தான் வண்டி ஓட்டினாள். அவள் முகத்தில் மாதக்கணக்கில் இல்லாத ஒரு தெளிச்சல். "நாய்க்கு அதைவிட ஜாஸ்தி போடறேன்ப்பா," என்று சிரித்தாள்.

"சீஸ் பெரிசில்லம்மா. கேக்கறதுதான் பெரிசு."

"எதைக் கேக்கறது?"

"அனுமதியை. உன் முற்றத்துல நீ விக்கறதுக்கு நீ அவங்ககிட்ட அனுமதி கேட்டா, அது அவங்க சொத்துன்னு ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம். இன்னிக்கு ரோசலிண்ட் நல்லவ. ஒரு சீஸுக்குக் குடுக்கறா. நாளைக்கு வேற ஒருத்தன் மேயரா வருவான். முடியாதும்பான். அப்போ என்ன பண்ணுவே? அவன் தயவுலதான் நீ பிழைக்கணும்."

"இப்போ மட்டும் யார் தயவுல பிழைக்கிறேன்?"

"பெரில் தனியா ஒரு கடை போடணும்னா? அந்தத் தேன்காரர் தன் ஊர்ல ஒண்ணு ஆரம்பிச்சா? ஆளுக்கு ஒரு சீஸா? எனக்கு ஒரு மாசம் குடு. அந்த உரிமையையே கவுன்சில் கைவிடணும்னு தீர்மானம் கொண்டு வர்றேன். எல்லாருக்கும் சேர்த்து ஒரே அடியா முடிச்சிடலாம். கீத் நார்த்தம் இருக்கான். நம்ம கட்சிப் பையன் ஆலிவர் இருக்கான். ரோசலிண்டே தனியார் முயற்சின்னு தொண்டை கிழியப் பேசறவ. வெளிச்சத்துல வெச்சு எடுத்துச் சொன்னா யார் எதிர்த்து ஓட்டுப் போடுவாங்க?"

டாம்ஸின் ஒரு குறுகலான சந்தில் வண்டியைத் திருப்பினாள். வேலிப் புதர்கள் இரண்டு பக்கமும் வண்டியைத் தேய்த்துக்கொண்டு போயின.

"ஏற்கெனவே ஒரு தடவை உங்க கொள்கைக்கு ஓட்டுப் போட்டேன்," என்றாள்.

வண்டி அவர் வீட்டு வாசலில் நின்ற பிறகும் அவர் இறங்கவில்லை. அவர் கைகள் முழங்கால் மேல் கிடந்தன. டாம்ஸின் அந்தக் கைகளைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ.

"சரி. ஒரு மாசம்," என்றாள்.

அந்த ஒரு மாசமும் டென்சில் இருபது வயசுப் பையன் மாதிரி ஓடினார். தீர்மானத்தை முறைப்படி எழுதிக் கொடுத்தார். கொடுத்த அன்றே அது கவுன்சில் வாசல் பலகையில் ஒட்டப்பட்டது; அதுதான் விதி, விதி அவருக்குப் பிடித்தமானது. எதையும் ஒளித்துச் செய்யக் கூடாது. மறுநாள் காலையில் பெர்சி ஹெர்ட் அதைப் படித்தார்.

மதுக்கடையில் பெர்சி நேரே அவர் மேசைக்கு வந்தார். "ஏன் டென்சில், ஹாலந்து சீஸ் தாராளமா உள்ள வரட்டும், உள்ளூர்க்காரன் போட்டி போட்டுப் பொழைக்கட்டும்னு ஊரெல்லாம் சொன்னவர்தானே நீங்க? நான் விக்கிறதே ஹாலந்து சீஸ்தான். இப்போ உங்க பொண்ணுக்காக என் சந்தையைக் கலைக்கறீங்க?"

"நீ தாராளமா வித்துக்கோ பெர்சி. ஹாலந்து இல்லை, நிலாவுலேர்ந்து கொண்டுவந்து வித்துக்கோ. நான் உன்னைத் தடுக்கல. நீதான் அவளைத் தடுக்கறே."

"நான் எங்க தடுத்தேன்? ராஜா தடுக்கறாரு," என்றார் பெர்சி. சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டென்சிலும் சிரித்துத் தொலைத்தார். பேச்சில் தோற்பது அவருக்குப் பழக்கம்தான்.

பெர்சி போன பிறகு கீத் நார்த்தம் இரண்டு சைடரோடு வந்து உட்கார்ந்தார். தபால்காரர் சங்கத்தில் தலைவராக இருந்தவர், பழுத்த லேபர் கட்சிக்காரர். அரச குடும்பத்தைக் கண்டாலே ஆகாது. தபால்தலையை ஒட்டும்போது அரசர் முகத்தில் கட்டைவிரலால் ஒரு குத்துக் குத்துவார் என்று சொல்வார்கள். வியாபாரத்தைப் பற்றி டென்சில் பேசும் எதிலும் அவருக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் பட்டயம் என்று வந்தால் இருவரும் ஒரே கட்சி.

"நீ முன்மொழி. நான் வழிமொழியறேன்," என்றார் கீத். "தோத்தாலும் பரவாயில்ல. ராஜாவோட கைக்கு என்ன வேலைன்னு ஒரு தரமாவது அந்தக் கூடத்துல சத்தமா கேட்டுடுவோம்."

டென்சில் அவர் தோளைத் தட்டினார். அன்று ராத்திரி மகளுக்குப் போன் செய்து, "நாலு ஓட்டு நிச்சயம், அஞ்சாவது பேச்சுல வந்துடும்," என்றார்.

பேச்சை எழுதினார். கிழித்தார். மறுபடி எழுதினார். ரொட்டிக்கு வரி போட்டு ஏழைகளைப் பட்டினி போட்ட காலத்தில் இந்த நாட்டு ஜனங்கள் கூடி நின்று அந்த வரியை எப்படி ஒழித்தார்கள் என்று ஆரம்பித்தார். வேலி திருடனுக்குத்தான் வேண்டும், வியாபாரிக்கு வேண்டாம் என்று எழுதினார். பெரிலின் ரொட்டியைப் பற்றி எழுதினார். அரசரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை எழுதவில்லை. "அவரும் பாவம், பரம்பரை வேலையில் மாட்டிக்கொண்டவர், அவருக்கும் விடுதலை வேண்டும்" என்று எழுதிவிட்டு, தானே சிரித்துக்கொண்டார். குளியலறையில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். நல்ல பேச்சு. அவர் வாழ்க்கையிலேயே நல்ல பேச்சு அதுதான்.

கூட்டம் தானிய மண்டபத்து மாடியில். பார்வையாளர் நாற்காலிகள் எப்போதும் காலியாகக் கிடக்கும். அன்று பெர்சியும் சந்தைக்காரர்களும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் டாம்ஸின், பண்ணை பூட்ஸைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். பக்கத்தில் பெரில்.

முதலில் டச்சஸ் வருகையைப் பற்றிய ஏற்பாடுகள். எந்தத் தெருவில் கொடி, எந்தக் கழிப்பறைக்குப் புது வர்ணம் என்றெல்லாம் வெகுநேரம் போயிற்று. வாதமே இல்லை. கவுன்சில் அவ்வளவு ஒற்றுமையாக இருந்து டென்சில் பார்த்ததில்லை. பூங்கொத்து கொடுக்கப் போகும் குழந்தையின் பெயரைக் குலுக்கிப் போட்டு எடுத்தாயிற்று என்று ரோசலிண்ட் அறிவித்தாள். ஐவி நார்த்தம். எல்லாரும் கை தட்டினார்கள். கீத்தின் மகன் வயிற்றுப் பேத்தி. கீத் தன் முன்னால் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தீர்மானம். டென்சில் எழுந்து அதைப் படித்தார். மெரிகோம்புக்கு அரசர் அளித்த சந்தை உரிமையை, பிறர் சந்தை நடத்துவதைத் தடுக்கும் அளவுக்கு மட்டும், இந்தக் கவுன்சில் கைவிடுகிறது. இரண்டு வரிதான். படித்துவிட்டுப் பேச்சுத் தாள்களை மேசை மேல் தட்டிச் சீராக்கினார்.

"வழிமொழிபவர்?" என்றாள் ரோசலிண்ட்.

டென்சில் கீத் பக்கம் திரும்பினார். கீத் குவளையைக் கொஞ்சம் நகர்த்தினார். மறுபடி பழைய இடத்துக்கு நகர்த்தினார்.

டென்சில் ஆலிவரைப் பார்த்தார். தன் சொந்தக் கட்சி. படித்த பையன். ஆலிவர் கைபேசியில் ஏதோ அவசரமாகத் தேடினான்.

"வழிமொழிபவர் யாராவது உண்டா?" ரோசலிண்ட் குரலில் கெஞ்சல்கூட இருந்தது. யாராவது கையைத் தூக்கித் தொலைத்தால் தேவலை என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும். சுவர்க் கடிகாரம் சத்தமாக ஓடியது. பார்வையாளர் பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

வழிமொழிய ஆள் இல்லாத தீர்மானத்தின் மேல் பேச அனுமதி கிடையாது. அதுவும் விதி. "தீர்மானம் விழுந்தது. அடுத்தது, வாய்க்கால் அடைப்பு," என்றாள் ரோசலிண்ட். டென்சில் நின்றுகொண்டே இருந்தார். தோற்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், அவர் தோற்பதற்குக்கூட இடம் தரவில்லை இவர்கள். பக்கத்தில் இருந்தவர் அவர் கோட்டைப் பிடித்து மெல்ல இழுத்தார். உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தபோது கடைசி வரிசையில் பெரில் மட்டும்தான் இருந்தாள்.

படியில் கீத் அவரைப் பிடித்தார். "டென்சில். நேத்துதான் சொன்னாங்க. குழந்தை ராத்திரி தூங்கவே இல்ல, கண்ணாடி முன்னால நின்னு பூவைக் குடுத்துக் குடுத்துப் பழகுது. நான் கையைத் தூக்கியிருந்தா வேற பிள்ளைக்கு மாத்தியிருப்பாங்க. எப்படிய்யா அதுகிட்ட சொல்லுவேன்?"

"சொல்ல முடியாது," என்றார் டென்சில். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆலிவர் படியிறங்கும்போதே, "இப்போ பாரம்பரியத்துக்குத்தான் சார் மவுசு. தப்பா எடுத்துக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் டாம்ஸின் ரோசலிண்டிடம் போய் அந்தப் பழைய அனுமதியைக் கேட்டாள். ரோசலிண்ட் அழாத குறை. சந்தைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வக்கீல் வைத்துவிட்டார்கள். இனி அனுமதி கொடுத்தால் கவுன்சில் மேலேயே வழக்குப் போடுவார்களாம். "உங்கப்பா மட்டும் பலகையில ஒட்டாம இருந்திருந்தா," என்றாள்.

முற்றச் சந்தை மூடியது. சைடர்காரர் பீப்பாய்களை விற்றார். பெரில் நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய கடையில், எங்கிருந்தோ உறைந்து வரும் ரொட்டியை அடுப்பில் சுட வைக்கும் வேலைக்குப் போனாள். டாம்ஸின் பாதி மாடுகளை விற்றாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு டென்சில் வழக்கம் போலப் போவார். வறுத்த கறி, உருளைக்கிழங்கு, குழம்பு எல்லாம் வழக்கம் போல இருக்கும். ரோரி மழையைப் பற்றிப் பேசுவான். டாம்ஸின், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கிறீங்களாப்பா?" என்று கேட்பாள். அவ்வளவுதான் பேச்சு. அவள் அவரைத் திட்டியிருந்தால் அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதிருப்பார்.

ஜூன் கடைசியில் ரோசலிண்ட் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே வந்து உட்காரவில்லை.

"மெரிகோம்ப் சந்தையில ஒரு இடம் காலியாகுது. பெர்சியோட ஆளுங்க வரிசையில முன்னால நிக்கறாங்க. நான் டாம்ஸினுக்குக் குடுக்க முடியும். அதுக்கு அவங்க வாயை அடைக்கணும். நீங்க இந்த வருஷம் கழியைப் பிடிங்க, டென்சில். டச்சஸ் முன்னால. ஊரே பாக்கும். டாப்ஸ்காட் குடும்பம் ஒத்துக்கிட்டுதுன்னு எல்லாரும் அடங்கிடுவாங்க."

"அவ கேட்டாளா?"

"இல்ல. அவகிட்ட நான் இடம் இருக்குன்னு மட்டும்தான் சொன்னேன். இடத்துக்கு வாடகையா வருஷத்துக்கு அந்த ஒரு சீஸுன்னும் சொன்னேன். அது நல்லா இருக்குன்னு அரண்மனைக்காரங்க நிகழ்ச்சியில சேர்த்துட்டாங்க. டச்சஸ் கையிலயே குடுக்கணும்."

டென்சில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்ப்பக்கம் தானிய மண்டபத்தின் சுவரில், கழியை மாட்டும் இரும்பு வளையத்துக்கு ஒருவன் கறுப்பு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான்.

"சரி," என்றார்.

அந்த வருஷம் டென்சிலுக்குச் சளி பிடிக்கவில்லை. மருந்துக் கடைக்காரர் வாசலில் வந்து நின்று தொப்பியைத் தூக்கினார். கிண்டலா மரியாதையா என்று தெரியவில்லை. கவுன்சிலரின் சிவப்பு அங்கி அவருக்குத் தோளில் பொருந்தவில்லை. கழி நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இத்தனை வருஷம் கிண்டல் செய்தாரே தவிர அதை அவர் தொட்டதே இல்லை. மணி மூன்று தரம் ஒலித்தது. கையுறை ஏறிவிட்டது என்று கூவினார்கள். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இத்தனை நாள் யாரோ இவர்களை அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

டச்சஸ் பச்சைத் தொப்பியும் நல்ல சிரிப்புமாக வந்தார். ஐவி பூங்கொத்தைக் கொடுத்தாள். கீத் நார்த்தம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டச்சஸ் கழிக்கு முன்னால் நின்று டென்சிலைப் பார்த்து, "ரொம்ப தூரத்துலேர்ந்து வந்தீங்களா?" என்று கேட்டார்.

"எதிர் வீடும்மா," என்றார் டென்சில்.

"எவ்வளவு வசதி," என்று சொல்லிவிட்டு டச்சஸ் நகர்ந்தார்.

அடுத்தது டாம்ஸின். வெள்ளைத் துணி விரித்த தட்டில் சாம்பல் தோல் கட்டிய சீஸ். தலையை வாரி, டென்சில் இதுவரை பார்த்திராத ஒரு நீலக் கவுன் போட்டிருந்தாள். டச்சஸ் முன்னால் வந்து நின்றாள். இடது காலைப் பின்னுக்கு வைத்தாள். முழங்காலை மடித்துத் தாழ்ந்தாள். தட்டு ஆடவில்லை. மாடு உதைத்ததில் அந்த முழங்கால் ஒரு வருஷமாக வலிக்கிறது, மாடிப்படியைக்கூட ஒவ்வொன்றாகத்தான் ஏறுவாள். ஆனால் தாழ்ந்தது அவ்வளவு அழகாக இருந்தது. வீட்டில் யாரும் இல்லாதபோது பல நாள் பழகியிருக்க வேண்டும். கூட்டம் கை தட்டியது. இனி வருஷா வருஷம் இது நடக்கும் என்று ரோசலிண்ட் ஒலிபெருக்கியில் சொன்னபோது இன்னும் பலமாகத் தட்டியது.

டச்சஸ் கடைகளைச் சுற்றி முடிக்கும் வரை கழியை வளையத்தில் மாட்டக் கூடாதாம், கையில்தான் பிடித்திருக்க வேண்டுமாம். டென்சில் பிடியை மாற்றி மாற்றிப் பிடித்தார். தலைக்கு மேலே தங்கக் கை இப்படியும் அப்படியும் அசைந்தது. டாம்ஸின் வெறும் தட்டோடு தன் கடைக்குத் திரும்பும் வழியில் அவர் அருகே ஒரு கணம் நின்றாள். மாதக்கணக்கில் முதல் முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்தார்.

"இறக்கிடாதீங்கப்பா," என்றாள். "அது கீழ வந்தா நான் விக்க முடியாது."

டென்சில் கழியை மார்போடு அணைத்து, முடிந்த மட்டும் உயர்த்திப் பிடித்தார்.